6,000 கோள்கள், ஒரு நிலாகூட இல்லையா?

20 செப்டம்பர் 2025, காலை

கேள்வி: சூரியக் குடும்பத்துக்கு வெளியே உறுதியான கோள்களின் கணக்கு 6,000-ஐத் தொட்டுவிட்டதாக நாசா இந்த வாரம் சொன்னது. நம் சனிக்கு மட்டும் 274 நிலாக்கள். அங்கே 6,000 கோள்களைச் சேர்த்துப் பார்த்தாலும் உறுதியான நிலா ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் நிலா என்பதே அபூர்வம், நம் குடும்பம் ஒரு விதிவிலக்கு என்றுதானே அர்த்தம்?

20 செப்டம்பர், இரவு

இல்லை. அந்த 6,000 எவை என்று பார்த்தாலே கேள்வி வேறாகிவிடும்.

பெரும்பாலானவை கடப்பு முறையில் சிக்கியவை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது ஒளி கொஞ்சம் மங்கும். அது ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப நடந்தால் அங்கே கோள் இருக்கிறது. 3 நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் கோள் 4 ஆண்டில் கிட்டத்தட்ட 500 முறை கடக்கும். வியாழனைப் போல 12 ஆண்டுக்கு ஒரு சுற்று என்றால், நாம் பார்த்த காலத்தில் அது கடக்காமலே போயிருக்கலாம். அதனால்தான் பட்டியல் முழுக்க விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள்கள். அவைதான் நிலாவைத் தக்கவைக்க முடியாதவை. நம் வீட்டிலேயே புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா இல்லை.

21 செப்டம்பர்

"தக்கவைக்க முடியாது" என்று சும்மா சொல்லிவிட்டேன். கணக்கோடு சொல்கிறேன்.

ஒவ்வொரு கோளைச் சுற்றியும் அதன் ஈர்ப்பு ஆட்சி செய்யும் ஒரு வட்டாரம் உண்டு. ஹில் கோளம் என்று பெயர். அதற்கு வெளியே போனால் விண்மீன் இழுத்துக்கொள்ளும். பூமிக்கு அந்த வட்டாரம் சுமார் 15 லட்சம் கி.மீ.; நம் நிலா 3.84 லட்சத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்போது வியாழனை எடுத்துச் சூரியனிலிருந்து 75 லட்சம் கி.மீ. தொலைவில் வையுங்கள். வெப்ப வியாழன்கள் எனப்படும் கோள்கள் ஏறக்குறைய அங்கேதான் சுற்றுகின்றன. அதன் ஹில் கோளம் 5 லட்சம் கி.மீ.க்குச் சுருங்கிவிடும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ மூன்றும் வெளியே விழுந்துவிடும். அயோ மட்டும் 4.2 லட்சத்தில் தப்பிக்கும்.

23 செப்டம்பர்

"சரி, தொலைவில் இருக்கும் பெருங்கோள்களைப் பாருங்களேன்" என்று கேட்கிறார்கள். பார்க்கிறார்கள். சிக்கல் அளவில் இருக்கிறது.

சூரியனை வியாழன் கடந்தால் ஒளி 100-இல் 1 பங்கு குறையும். பூமி கடந்தால் 10 லட்சத்தில் 84 பங்கு. சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய நிலாவான கானிமீட் கடந்தால் 10 லட்சத்தில் 14 பங்கு. நம் நிலா என்றால் 6. கெப்ளர் தொலைநோக்கி நல்ல பிரகாசமான விண்மீன்களிலேயே சில மணி நேரச் சராசரியில் 10 லட்சத்தில் 30 பங்கு அளவுக்குத்தான் துல்லியம் காட்டியது. கானிமீடின் மங்கல் அந்த இரைச்சலுக்கு, அதாவது தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கு, அடியில் கிடக்கிறது. பல கடப்புகளைச் சேர்த்துப் பார்த்து இரைச்சலைக் குறைக்கலாம் என்றால், நிலா ஒவ்வொரு கடப்பிலும் வேறு வேறு இடத்தில் நிற்கும். ஒருமுறை கோளுக்கு முன்னால், ஒருமுறை பின்னால். மேலே மேலே அடுக்கினால் கூடி வராது, கரைந்துபோகும்.

இன்னொரு வழி நேரம். கோளும் நிலாவும் ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன, அதனால் கோள் சில கடப்புகளுக்குச் சீக்கிரம் வரும், சிலவற்றுக்குத் தாமதமாக வரும். இந்த நேரப் பிசகை அளந்தால் நிலா தெரியும். இதற்கும் வியாழன் போன்ற பெருங்கோள்தான் நல்ல இடம்.

28 செப்டம்பர்

21-ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை. ஹில் கோளத்தின் விளிம்பு வரை நிலா இருக்கலாம் என்பது போல எழுதிவிட்டேன். கோள் சூரியனைச் சுற்றும் திசையிலேயே தானும் சுற்றும் நிலா, அந்த வட்டாரத்தின் ஏறக்குறைய பாதித் தூரம் வரைதான் நீண்ட காலம் நிலைக்கும். எதிர்த்திசையில் சுற்றினால் ஏறக்குறைய விளிம்பு வரை போகலாம். ஆகவே அந்த வெப்ப வியாழனின் எல்லை 5 லட்சம் அல்ல, 2.5 லட்சம் கி.மீ. அயோவும் போய்விட்டது. மிச்சம் இருப்பது கோளின் ஆரத்தைப் போல மூன்றரை மடங்கு இடம் மட்டும். அதற்குள் இருக்கும் நிலாவையும் ஓத விசைகள் (கடலில் ஓதத்தை உண்டாக்கும் அதே வகை ஈர்ப்பு இழுப்பு) மெல்ல மெல்ல உள்ளே இழுத்து நொறுக்கிவிடக் கூடும்.

5 அக்டோபர்

கெப்ளர்-1625 பி பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. இந்தத் துறையில் இதைவிட என்னைத் தூங்கவிடாத கதை வேறில்லை.

வியாழன் அளவுள்ள கோள், 287 நாளுக்கு ஒரு சுற்று, சுமார் 8,000 ஒளியாண்டு தொலைவு. கெப்ளரின் தரவில் அதற்கு 3 கடப்புகள்தான். புறநிலவை, அதாவது வேறு விண்மீன்களின் கோள்களைச் சுற்றும் நிலாவை, தேடுவதற்கென்றே 2012 முதல் கெப்ளர் தரவை அலசிவந்த டேவிட் கிப்பிங்கும் பின்னர் அவரோடு சேர்ந்த அலெக்ஸ் டீச்சியும் அந்த மூன்றிலும் ஏதோ நெளிவதைப் பார்த்தார்கள். 2017 அக்டோபர் இறுதியில் ஹபிள் தொலைநோக்கி 40 மணி நேரம் அந்த ஒரு விண்மீனையே பார்த்தது. கடப்பே சுமார் 19 மணி நேரம்.

இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கோள் எதிர்பார்த்ததைவிட 77.8 நிமிடம் முன்னதாக வந்தது. கோள் கடந்து முடித்து மூன்றரை மணி நேரம் கழித்து, இன்னொரு சின்ன மங்கல் தொடங்கியது. கோளுக்குப் பின்னால் நிலா வருகிறது என்றால் எப்படி இருக்குமோ அப்படியே. அந்த மங்கல் முடிவதற்குள் ஹபிளுக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. இன்னும் சில மணி நேரம் கிடைத்திருந்தால் ஒளி மேலே ஏறியதா என்று பார்த்திருக்கலாம். ஏறியிருந்தால் நிலா என்பதற்குப் பலம் கூடியிருக்கும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போயிருந்தால் கருவியின் நெளிவு என்று விட்டிருக்கலாம்.

2018 அக்டோபரில் கட்டுரை வந்தது. நெப்டியூன் அளவு நிலா இருக்கக் கூடும் என்றார்கள். "இருக்கிறது" என்று சொல்லவில்லை. தரவைத் திருத்தும் நாசாவின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் கெப்ளரின் 3 கடப்புகளில் தெரிந்த நிலா அடையாளம் வலுவிழந்துவிட்டது என்பதை அந்தக் கட்டுரையிலேயே அவர்களே எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு வந்தது அந்தப் பத்தியில்தான்.

2019-இல் லாரா கிரைட்பெர்க் குழு அதே ஹபிள் தரவைத் தங்கள் முறையில் சுத்தம் செய்து பார்த்தது. இரண்டாவது மங்கல் இல்லை. கோள் முன்னதாக வந்தது மட்டும் அப்படியே இருந்தது. முன்னதாக வந்ததற்கு நிலா காரணமாக இருக்கலாம், நம் கண்ணில் படாத இன்னொரு கோளும் காரணமாக இருக்கலாம்.

6 அக்டோபர்

நேற்றைய குறிப்புக்கு வந்த கேள்வி: நெப்டியூன் அளவு நிலா எப்படிப் பிறக்கும்?

நல்ல கேள்வி, எனக்கும் இடிக்கும் இடம் அதுதான். வியாழன், சனி, யுரேனஸ் மூன்றிலும் நிலாக்களின் மொத்த எடை கோளின் எடையில் ஏறக்குறைய 10,000-இல் 1 பங்கு. பிறக்கும் கோளைச் சுற்றியுள்ள வாயுத் தட்டில் நிலாக்கள் உருவாவதும் உள்ளே விழுவதுமாக இருப்பதால் இந்த விகிதம் தானாக அமைகிறது என்று ரோபின் கனப்பும் வில்லியம் வார்டும் 2006-இல் காட்டினார்கள். அந்த விகிதப்படி நெப்டியூன் எடையுள்ள நிலா வேண்டுமென்றால் கோளின் எடை சூரியனில் பாதி இருக்க வேண்டும். அது கோளே அல்ல, விண்மீன்.

ஆகவே அந்த நிலா அங்கேயே பிறந்திருக்க முடியாது. நெப்டியூன் தன் பெரிய நிலாவான டிரைட்டனைப் பிடித்தது போலப் பிடித்திருக்க வேண்டும். டிரைட்டன் நெப்டியூன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுவதே அது வெளியிலிருந்து வந்து மாட்டியது என்பதற்குச் சாட்சி. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன்.

12 அக்டோபர்

என் சொந்த அனுபவத்தை எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

கெப்ளரின் தரவு முழுவதும் பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். லைட்கர்வ் என்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பு இருந்தால் சாதாரண மடிக்கணினியிலேயே வரைந்து பார்க்கலாம். தொழில்முறையில் எனக்கும் வானியலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பெருங்கோளின் தரவை இறக்கி உட்கார்ந்தேன். எந்தக் கோள் என்பது இங்கே முக்கியமில்லை.

முதலில் விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கத்தை நீக்க வேண்டும். விண்மீன் சும்மா இருப்பதில்லை. அதன் கரும்புள்ளிகள் சுழற்சியோடு வந்து போகும், மேற்பரப்பு கொதிக்கும். தொலைநோக்கியும் சும்மா இருப்பதில்லை. வெப்பம் மாறினால் படம் கொஞ்சம் நகரும். எல்லாம் சேர்ந்து ஒளி வரைபடம் அலை அலையாக இருக்கும். அந்த அலைக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதனால் வகுத்தால் வரைபடம் தட்டையாகும். கடப்பு மட்டும் பள்ளமாக நிற்கும். இதற்குச் சமன் செய்தல் என்று வைத்துக்கொள்வோம்.

நான் சமன் செய்தேன். கடப்பு பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் 5 மணி நேரம் தள்ளி ஒரு சின்னப் பள்ளம். அடுத்த கடப்பைப் போட்டேன். இந்தமுறை பள்ளம் முன்னால். நிலா இடம் மாறி நிற்கும் என்று படித்திருந்தேன் அல்லவா, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூன்று இரவு தூங்கவில்லை. நிலாவின் ஆரம், தூரம் எல்லாம் காகிதத்தில் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது நாள் வளைகோட்டின் அகலத்தை மாற்றிப் பார்த்தேன். அதுவரை 2 நாள் அகலத்தில் சமன் செய்திருந்தேன், 3 நாள் ஆக்கினேன். முதல் பள்ளம் காணாமல் போனது. இரண்டாவது ஒரு மணி நேரம் நகர்ந்து நின்றது. 4 நாள் ஆக்கினேன், வேறொரு இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. நிலா இருந்தால் அது நான் எந்த அகலம் கொடுத்தாலும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தது என் வளைகோட்டின் நிழலை. கடப்பின் ஆழமான பள்ளத்தை அந்த வளைகோடு கொஞ்சம் பின்பற்றப் பார்த்து, இரண்டு பக்கமும் சின்ன மேடும் பள்ளமும் உண்டாக்கிவிட்டது. கண்ணால் கண்டதும் பொய் என்பதை அன்றைக்குப் போல் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

அதோடு விடவில்லை. கோளே கடக்காத ஒரு பகுதியை எடுத்து, நானே ஒரு பொய்க் கோளையும் பொய் நிலாவையும் கணக்குப் போட்டு உள்ளே புகுத்தினேன். பிறகு சமன் செய்தேன். என் நிலாவின் பள்ளத்தில் பாதிக்கு மேல் சமன் செய்யும்போதே விழுங்கப்பட்டுவிட்டது. இல்லாத நிலாவை உண்டாக்கிய அதே கோடு, இருந்த நிலாவைத் தின்றும்விட்டது. இதைச் செய்து பார்த்த பிறகுதான் கிப்பிங் குழுவும் கிரைட்பெர்க் குழுவும் ஒரே தரவில் இரண்டு விடை கண்டதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவர்களில் யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. நாம் தேடுவது சமன் செய்யும் முறையைவிடச் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

13 அக்டோபர்

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர் சுட்டிக்காட்டியது போல, தொழில்முறை ஆய்வாளர்கள் ஒரே ஒரு முறையில் சமன் செய்து நிறுத்துவதில்லை. பல முறைகளில் செய்து, எல்லாவற்றிலும் நிற்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு முறையில் செய்து மூன்று இரவு கனவு கண்டேன்.

19 அக்டோபர்

நேரப் பிசகு பற்றிக் கேட்டிருந்தார்கள்: "நிலாவின் சுற்றுக்காலத்தை அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாமே?"

முடியாது, காரணம் எளிது. ஒரு கடிகாரத்தின் நிமிட முள்ளை நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். இன்று 12-இல், நாளை 3-இல், மறுநாள் 6-இல். முள் நாளுக்குக் கால் சுற்று போகிறது என்று நினைப்பீர்கள். நடுவில் அது எத்தனை முழுச் சுற்று போனது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிலாவும் அப்படித்தான். ஒரு கடப்புக்கும் அடுத்த கடப்புக்கும் இடையில் நிலா கோளைப் பலமுறை சுற்றிவிடும், ஏனென்றால் நிலாவின் மாதம் கோளின் ஆண்டைவிட எப்போதும் சிறியது. நமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரு புள்ளி. அதனால் ஏறக்குறைய பாதி நிலாக்களில் பிசகின் அலை 2 முதல் 4 கடப்புகளுக்கு ஒருமுறை திரும்புவது போலத் தெரியும் என்று கிப்பிங் காட்டினார். உண்மைக் காலத்தின் முகமூடி அது.

2020-இல் இப்படி நேரப் பிசகை மட்டும் வைத்துக் கெப்ளர் கோள்கள் ஆறுக்கு நிலா இருக்கலாம் என்று கனடாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கிப்பிங் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்து, நிலா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார். பிசகு உண்மையாக இருந்தால்கூட, பக்கத்துக் கோளின் இழுப்பு அதை எளிதில் செய்துவிடும். நேரப் பிசகோடு, கடக்க ஆகும் நேரமும் கூடிக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். நிலா இருந்தால் அந்த இரண்டு அலைகளும் கால் சுற்று இடைவெளி விட்டு ஓடும். பக்கத்துக் கோள் அப்படி ஒழுங்காக நடிக்காது.

2 நவம்பர்

கெப்ளர்-1708 பி-யை மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். நன்றி.

கிப்பிங் குழு 70 குளிர்ந்த பெருங்கோள்களைச் சலித்து, ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்தது. 2022 ஜனவரியில் வெளியானது. கோள் 737 நாளுக்கு ஒரு சுற்று, அதற்குப் பூமியின் ஆரத்தைப் போல 2.6 மடங்கு ஆரமுள்ள நிலா இருக்கலாம் என்றார்கள். இரைச்சலே இப்படி ஏமாற்றுவதற்கு வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்று அவர்களே கணக்கிட்டார்கள். 70 கோளைப் பார்த்தவர்களுக்கு 1 சதவீதம் என்பது அவ்வளவு சின்ன எண் இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. கடப்புகள் வேறு இரண்டே இரண்டு.

2023 டிசம்பரில் ரெனே ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் 1625 பி, 1708 பி இரண்டிலும் பெரிய நிலா இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு என்று எழுதினார்கள். 1625 பி-யில் அவர்கள் சுட்டிக்காட்டிய காரணம் எனக்குப் பிடித்திருந்தது. விண்மீனின் வட்டு நடுவில் பிரகாசமாகவும் விளிம்பில் மங்கலாகவும் இருக்கும். அந்த மங்கல் நிறத்துக்கு நிறம் மாறும். கெப்ளரும் ஹபிளும் பார்ப்பது வெவ்வேறு நிறங்களில். இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்ததை ஒன்றாகத் தைத்தால் தையல் தெரியத்தானே செய்யும்? கிப்பிங் குழு அதற்கு மறுப்பு எழுதியது. சண்டை முடியவில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், 1625 பி-யில் நிலா இல்லை என்ற பக்கம் சாய்கிறேன். மனசு என்னவோ இருக்கட்டும் என்கிறது.

9 நவம்பர்

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, பரவாயில்லை. "நிலா என்பது ஒன்றின் பெயர், மற்றவற்றைத் துணைக்கோள் என்று எழுதுங்கள்" என்று ஒரு திருத்தம் வந்தது. துணைக்கோள் சரியான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு விண்ணில் ஏவும் செயற்கைக்கோள் நினைவுக்கு வருகிறது. நிலா என்றால் ஒளி வருகிறது. அதனால் நிலா என்றே எழுதுவேன்.

திங்கள் என்ற சொல்லையும் யோசித்துக்கொண்டிருந்தேன். நிலாவுக்கும் அதே பெயர், மாதத்துக்கும் அதே பெயர். நாம் நிலாவை ஒரு பொருளாகப் பார்த்த அதே அளவுக்குக் காலமாகவும் பார்த்திருக்கிறோம். புறநிலவைத் தேடுகிறவர்களும் நேரப் பிசகு என்று காலத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

23 நவம்பர்

கடப்பை விட்டு வேறு வழிகள் இல்லையா என்று கேட்டவருக்கு.

உண்டு. 2011-இல் ஈர்ப்பு வில்லை முறையில் ஒரு நிகழ்வு பதிவானது. முன்னால் போகும் பொருளின் ஈர்ப்பு, பின்னால் இருக்கும் விண்மீனின் ஒளியைக் குவித்துக் காட்டும் முறை அது. விண்மீன் இல்லாமல் தனியாகத் திரியும் பெருங்கோளும் அதன் நிலாவுமாக இருக்கலாம், அல்லது ஒரு மங்கலான சிவப்பு விண்மீனும் அதன் கோளுமாக இருக்கலாம் என்று 2014-இல் எழுதினார்கள். அந்த நேர்க்கோட்டு அமைவு திரும்ப வராது. பார்த்தது பார்த்ததுதான்.

பிடிஎஸ் 70 சி என்ற இளம் கோள் சுமார் 400 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றித் தூசித் தட்டு இருப்பதை சிலியில் உள்ள அல்மா அலைவாங்கிகள் 2021-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டின. நம் நிலா அளவில் 3 நிலா செய்யப் போதுமான தூசி அதில் இருக்கிறது. நிலா அல்ல, நிலாவுக்கான மண். இந்தத் துறையில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சந்தோஷப்பட முடிந்த செய்தி எனக்கு அது ஒன்றுதான்.

அப்புறம் வாஸ்ப்-49 பி. 635 ஒளியாண்டு தொலைவில், 3 நாளுக்கும் குறைவான ஆண்டு கொண்ட கோள். அதன் அருகில் சோடியம் மேகம் ஒன்று தெரிகிறது. விநாடிக்கு 1 லட்சம் கிலோ சோடியம் யாரோ வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கோளிலும் விண்மீனிலும் அவ்வளவு சோடியம் கிடையாது. அயோவைப் போல எரிமலைகள் கொதிக்கும் நிலா ஒன்று கோளை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறதோ என்று அபூர்வா ஓஸாவின் குழு கேட்கிறது. முதல் நாள் நான் என்ன எழுதினேன்? ஒட்டிச் சுற்றும் கோளால் நிலாவைத் தக்கவைக்க முடியாது என்று. அந்த வாக்கியத்தை இப்போது அவ்வளவு திடமாகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் முடியாது. உள்ளே நெருங்கிவிட்ட நிலா, அழிந்துகொண்டே மேகத்தை விட்டுப்போகலாம். சாகும் நிலாதான் முதலில் நம் கண்ணில் படும் என்றால் அது எப்படிப்பட்ட முதல் சந்திப்பு!

14 டிசம்பர்

மிதுனத்தில் வியாழன் இப்போது பிரமாதமாக இருக்கிறது. இரண்டு வாரமாக ஒவ்வோர் இரவும் இருகண் நோக்கியோடு போய் நிற்கிறேன். கையை ஊன்றிப் பிடித்தால் நிலாக்கள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் இதைத்தான். அடுத்த இரவு இடம் மாறியிருக்கும். அயோ ஒரு சுற்றுக்கு 42 மணி நேரம்தான் எடுக்கிறது.

1676-இல் ஓலே ரோமர், அயோ வியாழனின் நிழலுக்குள் போய் வரும் நேரத்தில் இருந்த பிசகை வைத்து, ஒளி பயணிக்க நேரம் எடுக்கிறது என்று காட்டினார். நிலாவின் நேரப் பிசகு ஏற்கெனவே ஒருமுறை நமக்குப் பெரிய உண்மையைக் கொடுத்திருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். வேறொரு விண்மீனில் இருக்கும் யாரோ, வியாழன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கிறார் என்றால் நம் நிலாக்களால் எவ்வளவு நேரப் பிசகு தெரியும்?

கலிஸ்டோ வியாழனை 107 கி.மீ. அசைக்கிறது. கானிமீட் 84. அயோ 20, யூரோப்பா 17. வியாழன் விநாடிக்கு 13 கி.மீ. வேகத்தில் போகிறது. கலிஸ்டோவால் 8 விநாடி, கானிமீடால் 6 விநாடிக்கு மேல். நான்கும் ஒரே பக்கம் நின்றாலும் மொத்தம் 17.4 விநாடி. கடப்பு நடப்பதோ 30 மணி நேரம், அதுவும் 12 ஆண்டுக்கு ஒருமுறை. அந்தப் 17 விநாடியை யார் பிடிப்பது?

பூமிக்குப் போட்டுப் பார்த்தேன். நிலா பூமியை 4,670 கி.மீ. அசைக்கிறது. பூமியின் வேகம் விநாடிக்கு 29.8 கி.மீ. பிசகு 157 விநாடி. இரண்டரை நிமிடத்துக்கு மேல்! ஆகவே செப்டம்பர் 23-இல் நேரப் பிசகுக்குப் பெருங்கோள்தான் நல்ல இடம் என்று எழுதியது தவறு. சின்னக் கோளுக்குப் பெரிய நிலா அமைந்தால்தான் பிசகு பெரிதாகும். ஆனால் சின்னக் கோளின் கடப்பே மங்கலாக இருப்பதால் அதன் நேரத்தைத் துல்லியமாக அளக்க முடியாது. ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பிடுங்கிக்கொள்கிறது இந்த வானம்.

21 டிசம்பர்

நிலாவுக்கு நிலா உண்டா என்று ஒரு குழந்தை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வானியலாளர் ஜூனா கோல்மையரின் மகனும் இதையேதான் கேட்டான், அதிலிருந்து அவரும் ஷான் ரேமண்டும் சேர்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். பெரிய நிலா, கோளிலிருந்து நல்ல தூரம் என்றால் முடியும். நம் நிலா, கலிஸ்டோ, சனியின் டைட்டன், ஐயாபெட்டஸ் நான்கும் சுமார் 10 கி.மீ. அளவில் ஒரு குட்டி நிலாவை வைத்திருந்திருக்கலாம். வைத்திருக்கவில்லை. குழந்தையிடம் "முடியும், ஆனால் இதுவரை யாரும் பார்த்ததில்லை" என்று சொல்லுங்கள்.

4 ஜனவரி 2026

கெப்ளர்-167 இ பற்றிக் கேட்டவருக்கு. ஆம், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2024 அக்டோபரில் அதை 60 மணி நேரம் பார்த்தது. 1,071 நாளுக்கு ஒரு சுற்று, வியாழனைவிடச் சற்றே சிறியது, விண்மீனிலிருந்து நல்ல தூரத்தில் அமைதியாக இருக்கும் கோள். நிலா இருக்க வேண்டிய இடம் என்று நானும் நினைப்பது இப்படிப்பட்டதுதான். ஹபிளுக்கு 40 மணி நேரம் போதாமல் போனதை நினைத்தால் 60 என்ற எண்ணே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. வெப்பின் கருவிக்கும் மெதுவான நெளிவுகள் உண்டு, 60 மணி நேரம் நீண்டால் அதுவும் நீளும். என் 2 நாள், 3 நாள் அகலங்களை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, "அப்படியானால் 6,000-இல் எத்தனை கோள்களை நிலாவுக்காக ஒழுங்காகப் பார்த்திருக்கிறோம்?" என்று கேட்கிறார். கானிமீட் அளவு நிலாவைக் கண்டுபிடிக்கும் துல்லியத்தில், வியாழனைப் போலத் தள்ளி நிற்கும் கோள்களில் என்றால், ஏறக்குறைய ஒன்றுகூட இல்லை. பூமியைவிடப் பெரிய நிலா என்றால் சில பத்துக் கோள்கள். அப்படிப்பட்ட பெரிய நிலாக்கள் எல்லா வீட்டிலும் இல்லை என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம். நம் வீட்டிலும்தான் இல்லையே.

10 ஜனவரி 2026

டிசம்பர் 14 கணக்கில் திருத்தம். இன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது, இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

"நான்கும் ஒரே பக்கம் நின்றாலும்" என்று எழுதியிருந்தேன். நிற்காது. அயோ 4 சுற்று சுற்றினால் யூரோப்பா 2, கானிமீட் 1. இந்தப் பிணைப்பில் அவை மூன்றும் ஒருபோதும் ஒரே பக்கம் ஒரே வரிசையில் வராதபடி பூட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு ஒரு பக்கம் சேர்ந்தால் மூன்றாவது விலகி நிற்கும். கலிஸ்டோ மட்டும் இந்தப் பூட்டில் இல்லை. இதையும் சேர்த்துப் போட்டால் அரை விநாடிக்குச் சற்று மேல் குறைகிறது. 17.4 என்பதை 16.8 விநாடி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.